நட்டின் மேல் ஒரு கோடு

டயர் மாற்றத்தான் நானும் என் வீட்டுக்காரரும் லாரியைப் பட்டறைக்குக் கொண்டுவந்தோம். பின்பக்கச் சக்கரத்தில் மூன்றாவது நட்டும், அது ஏறி நிற்கும் திருகாணியான ஸ்டட்டோடு சேர்ந்து முறிந்து வந்ததும், மெக்கானிக் ஸ்பானரைத் தரையில் வீசினார்.

"எந்த மாடு இதைப் பூட்டுச்சு? நட்டைப் பூட்டச் சொன்னா கழுத்தைத் திருகி வச்சிருக்கு!"

அந்த மாடு நான்தான். கையில் டீத் தம்ளர்களோடு வாசலில் நின்றிருந்தேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், ஓட்டத்தில் இந்தக் கிழட்டு லாரியின் சக்கரம் ஒன்று கழன்று போனது. என் வீட்டுக்காரர் நெற்றியில் கட்டோடு வந்து, "என் சக்கரமே என்னை ஓவர்டேக் பண்ணிட்டுப் போச்சுடி" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றிலிருந்து அவர் லோடுக்குக் கிளம்பும்போதெல்லாம், குளிக்கப் போன நேரம் பார்த்து, ஸ்பானரில் இரும்புக் குழாயைச் சொருகி, அதன்மேல் ஏறி நின்று எல்லா நட்டையும் இறுக்கிவிடுவேன். என் எடையும் கொஞ்சநஞ்சமல்ல. நட்டு கிறீச்சிட்டால்தான் மனசு அடங்கும்.

மெக்கானிக் என் வீட்டுக்காரரிடம் திரும்பினார். "அளவுக்கு மேல இறுக்கினா ஸ்டட்டு இழுபட்டுப் போகும் அண்ணே. பார்க்க நல்லாத்தான் இருக்கும். ஓட்டத்துல ஒண்ணு போச்சுன்னா மத்ததும் வரிசையா போகும். அப்புறம் சக்கரமே போயிடும். யாரு பூட்டினது?"

எதற்குப் பயந்து இறுக்கினேனோ, அதற்கே வழி செய்து வைத்திருக்கிறேன்.

"நான்தான்பா" என்றார் அவர். "பயத்துல கொஞ்சம் ஓவராப் போயிடுச்சு."

பொய் சொன்னால் அவர் காதைத் தேய்ப்பார். தேய்த்துக்கொண்டிருந்தார். குளியலறையில் தண்ணீர் ஏன் எப்போதும் அத்தனை நேரம் கொட்டியது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"அவர் இல்ல தம்பி, நான்" என்றேன். அவர் பக்கம் திரும்பினேன். "ஏங்க, தெரிஞ்சும் ஏன் தடுக்கல?"

"கொஞ்சம் கூட இறுக்கினா என்ன ஆயிடப்போகுதுன்னு நினைச்சேன். அதைச் செஞ்ச பிறகுதானே நீ என் முகத்தைப் பார்த்து 'போயிட்டு வாங்க'ன்னு சொல்லுவ."

மாடு என்று சொன்னதை மெக்கானிக் நினைத்தாரோ என்னவோ, நான் நீட்டிய சூடான டீயை ஒரே மடக்கில் குடித்துத் தவித்தார்.

எல்லாச் சக்கரத்தையும் கழற்றி, கெட்ட ஸ்டட்டுகளைச் சுத்தியலால் தட்டி எடுத்து, புதியவை போட இரண்டு நாள் ஆனது. அளவு வந்ததும் 'டக்' என்று சத்தம் போடும் ஸ்பானரால் பூட்டினார். பிறகு வெள்ளைப் பெயின்டை எடுத்து, நட்டிலிருந்து சக்கரம்வரை ஒரு கோடு இழுத்துக் காட்டினார்.

"நட்டு அசைஞ்சா கோடு விலகும் அக்கா. இனிமே குழாய் வேண்டாம், கண்ணு போதும்." பிரஷை என்னிடம் நீட்டினார். மிச்சக் கோடுகளை நான்தான் போட்டேன். ஒன்றிரண்டு கோணல்.

அடுத்த லோடு நாளில் அவர் குளிக்கப் போனார். நான் வெறுங்கையோடு லாரியைச் சுற்றி வந்தேன். எல்லாக் கோடுகளும் போட்டபடியே இருந்தன. திரும்பி வந்தால் உள்ளே தண்ணீர் இன்னும் கொட்டிக்கொண்டிருந்தது.

கதவைத் தட்டினேன். "பார்த்து முடிச்சாச்சு. தண்ணியை வீணாக்காம வெளிய வாங்க."

தண்ணீர் நின்றது. உள்ளே அவர் சிரித்தார். இந்த முறை எனக்கும் சிரிப்பு வந்தது.