மேசைமேல் என் தலை

எங்கள் சாப்பாட்டு மேசையின் ஒரு மூலையில் என் தலை இருக்கிறது. களிமண் தலை. தட்டில் நட்ட கட்டையில் செருகி, ஈரத்துணி சுற்றி, அதன்மேல் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்திருக்கும். வீட்டுக்கு வருகிறவர்கள் ஏதோ காய் என்றுதான் முதலில் நினைப்பார்கள். "உள்ளே என்ன?" என்று கேட்டால் மகள், "அப்பா" என்பாள். பக்கத்திலேயே நான் தட்டைத் துடைத்துக்கொண்டு நிற்பேன்.

செய்தது என் மனைவி. அப்போது நான் ஒரு கிடங்கில் பார்த்த இரவுக் காவல் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தேன். சுவர் முழுக்கக் கேமராத் திரைகள், திரைகளில் ஆளில்லாத நடைபாதைகள், விடியும்வரை அவற்றைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஒருநாள் பாதியில் எழுந்து வந்தேன். திரும்பப் போகவில்லை. அதன்பிறகு வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். அவள் களிமண் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். "சும்மாதானே உட்கார்ந்திருக்கீங்க, அப்படியே இருங்க" என்று மண்ணை எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்துவிட்டாள். அசையாமல் இருக்க என்னைவிட்டால் வேறு ஆள் கிடையாது.

என் முகத்தை யாரும் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. இடது காதுதான் அவளைப் படாதபாடு படுத்தியது. "மேல மடிஞ்சு கிடக்கு, நாய்க்குட்டி காது மாதிரி" என்று செய்வதும் கலைப்பதுமாக இருந்தாள். ஒருநாள் காது வந்துவிட்டது. அன்று குளிக்கும்போதுகூடப் பாடிக்கொண்டிருந்தாள். கண் மட்டும் பாக்கி.

கண் வருவதற்குள் அவளுக்கு வேலை வந்துவிட்டது. வீட்டில் ஒருவர் உட்கார்ந்துவிட்டால் இன்னொருவர் எழுந்துதானே ஆக வேண்டும்.

பெரிய மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் பகல் ஷிஃப்ட் சூப்பர்வைசர். எல்லா வார்டு விரிப்புகளும், அறுவைச் சிகிச்சை அறையின் பச்சைத் துணிகளும் அங்கேதான் வரும். ஒரு இஸ்திரி ரோலர் நின்றுபோனால் மேல்மாடியில் ஆபரேஷன் தள்ளிப்போகும், தள்ளிப்போனால் இவளுக்குத்தான் ஃபோன் வரும். மகள் பல் தேய்க்கிற நேரத்தில் கிளம்பி, மகளுக்குக் கண் சொருகுகிற நேரத்தில் வருவாள். ஆனால் அந்த வேலை அவளுக்குப் பிடித்திருந்தது. அதை மறைத்தால் பொய்யாகிவிடும். ஒரு மூட்டையைப் பிரிக்கும் முன்பே அது எந்த வார்டிலிருந்து வந்தது என்று வாசனையிலேயே சொல்லிவிடுவாளாம். சாப்பிடும்போது இதையெல்லாம் சொல்வாள். நாங்களும் சாப்பிட்டுக்கொண்டே கேட்போம்.

"ஞாயித்துக்கிழமை கண்ணை முடிச்சிடறேன். அதுவரைக்கும் காயாம பார்த்துக்குங்க. துணியில தெளிக்கணும். ஊத்தக்கூடாது" என்று சொல்லியிருந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ரோலர் நின்றுபோனது. அடுத்ததில் இரண்டு பேர் வேலைக்கு வரவில்லை. அதற்கடுத்ததில் பகல் முழுக்கத் தூங்கினாள். நான் தெளித்துக்கொண்டிருந்தேன்.

மனைவியின் அண்ணன் வந்தபோது நான் கையில் ஸ்பிரே புட்டியோடு நின்றேன்.

"என்ன மாப்ள, உன் தலைக்கு நீயே தண்ணி தெளிக்கிறியா? உனக்குத்தான் நாங்க எப்பவோ தெளிச்சு விட்டுட்டோமே!"

"நீங்க தெளிச்சது காஞ்சுபோச்சு மச்சான். அதான் மறுபடியும்."

"பேசு, பேசு. வாய் மட்டும் மண்ணுல செஞ்சிருந்தா எப்பவோ உடைஞ்சிருக்கும்" என்றார். போகும்போது பிளாஸ்டிக் பையைத் தூக்கி எட்டிப் பார்த்து, "நேர்ல பார்க்கறதைவிட இதுல கொஞ்சம் களை இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிறகு வெயில் ஏறியது. கழுத்தில் நூல்போல ஒரு கீறல் விழுந்தது. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. தெளித்தால் போதாது என்று டம்ளரில் மொண்டு துணிமேல் ஊற்றினேன். நல்லதுக்குத்தான் ஊற்றினேன். காலையில் மகள் வந்து என்னை உலுக்கினாள். அவளை வாலு என்றுதான் கூப்பிடுவோம்.

"அப்பா, எழுந்திரு. உன் காது தட்டுல கிடக்கு."

இடது காது. கூழாகிக் கிடந்தது.

"அம்மாகிட்ட சொல்லாதே" என்றேன்.

"நான் வேணா செஞ்சு தரட்டா?"

என் காதை இரண்டு விரலால் பிடித்து, மடக்கி, இழுத்துப் பார்த்துவிட்டு ஒரு காது செய்தாள். இருவரும் சேர்ந்து ஒட்டினோம். தேநீர்க் கோப்பையின் பிடி மாதிரி இருந்தது. "இதைப் பிடிச்சு உன்னைத் தூக்கலாம்ப்பா" என்றாள்.

அன்று இரவு மனைவி வந்ததும் நேராக மேசைக்குப் போய்ப் பையை எடுத்து, துணியைப் பிரித்தாள்.

"எந்தத் துணிங்க இது? சாயம் போற துணி. கன்னமெல்லாம் நீலமாயிடும். வெள்ளைத் துணி போடுங்க."

அலமாரியிலிருந்து வெள்ளைத் துணி எடுத்து நனைத்துப் பிழிந்து, அவளே சுற்றினாள். அவள் விரல் அந்தக் காதின்மேலேயே போய் வந்தது. பையைக் கவிழ்த்துவிட்டுக் கைகழுவப் போய்விட்டாள்.

வாலு என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். தப்பித்துவிட்டோம்.

தப்பித்த சந்தோஷம் மறுநாளே போய்விட்டது. அந்தக் காதுக்காக எத்தனை நாள் மல்லுக்கட்டினாள்! அவள் கண்ணில் அது படவில்லை. துணிதான் பட்டது. திட்டு விழவில்லையே என்று வருத்தப்படுகிற ஆளாகிப்போனேன்.

சில நாள் கழித்து, சாப்பிட்ட தட்டுகளை அடுக்கிக்கொண்டே சொன்னாள்.

"ஏங்க, அதைப் பிசைஞ்சு வாளியில போட்டுடுங்க. மேசையில இடமே இல்லை. வாலு எழுதறதுக்குக்கூட எடமில்லை."

"கண்ணு பாக்கி இருக்கே."

"கிடக்குது. மண்ணு தொட்டா எரியுது." கையை விரித்துக் காட்டினாள். ஆள் குறைகிற நாளில் ப்ளீச் தொட்டியில் இவளே கைவிடுவாள். விரல் நுனிகளெல்லாம் வெடித்திருந்தன. "வாளியில போட்டா மண்ணு வீணாகாது. எப்பவாவது எடுத்துக்கலாம்."

குரல் உயரவில்லை. அதுதான் என்னை உறுத்தியது. கோபத்தில் விட்டுப்போகிறவர்கள் திரும்பி வருவார்கள். அலுப்பில், தட்டு அடுக்கிக்கொண்டே விடுகிறவர்கள் வரமாட்டார்கள். நான் கிடங்கை விட்டது அப்படித்தான். ஆனால் கிடங்கு போனதில் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. இவளுக்கு இது போனால் மிஞ்சுவது மூட்டைமூட்டையாய் விரிப்புகள், பிறகு நாங்கள் இரண்டு பேர். நாங்களே போதும் என்று நினைக்கிற அளவுக்கு எனக்குத் தலைக்கனம் கிடையாது.

மறுநாள் விடிந்ததும் வாளியைக் கொண்டுவந்து வைத்தேன். தலையைக் கட்டையிலிருந்து பிடுங்கப் போனேன். கை வரவில்லை. துணியை மட்டும் உருவிப் போட்டுவிட்டு, இடது காது அவள் நாற்காலியைப் பார்க்கும்படி திருப்பி வைத்தேன். அதன் எதிரில் தேநீரை வைத்தேன்.

அவள் சாம்பல் நிறச் சீருடையில் வந்து உட்கார்ந்தாள். ஃபோனைப் பார்த்துக்கொண்டே குடித்தாள். பாதி டம்ளர் காலியான பிறகு தலை நிமிர்ந்தாள். டம்ளரைக் கீழே வைத்தாள்.

"இதுல யாரு கை வெச்சது?"

வாலு வாய் நிறைய நுரையோடு பிரஷ்ஷைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். "நான்தாம்மா. அப்பா தண்ணி ஊத்துனாரு. காது விழுந்துடுச்சு. நான் வேற காது போட்டேன்."

"ஊத்துனீங்களா? படிச்சுப்படிச்சுச் சொன்னேனே, ஊத்தாதீங்க, ஊத்தாதீங்கன்னு! ஒரு வேலை, ஒரே ஒரு வேலை சொல்லிட்டுப் போனா..." எழுந்து நின்றுவிட்டாள். "இது காதா? பூட்டு மாட்டற வளையம் மாதிரி இருக்கு! எப்போ நடந்துச்சு இது?"

"நீ வெள்ளைத் துணி மாத்தின அன்னைக்கு."

"அன்னைக்கு நான் பார்த்தேனே."

"துணியைப் பார்த்தே" என்றேன்.

அதைச் சொல்லியிருக்க வேண்டாம். அவள் முகம் அப்படியே நின்றுபோனது. நான் திட்டு வாங்கத் தயாராகத்தான் இருந்தேன். அவள் அழுதுவிடுவாளோ என்றுதான் பயமாகிவிட்டது. அவள் அழவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு, சீருடையின் கையை முழங்கைக்குமேல் சுருட்டினாள்.

"கத்தி எங்கே?"

எடுத்துக்கொடுத்தேன். காதை அறுத்தெடுத்து வாலுவின் உள்ளங்கையில் வைத்தாள். "இது நீ செஞ்சது. நல்லாத்தான் இருக்கு. அப்பாவோட காது இல்லை, அவ்வளவுதான். பத்திரமா வெச்சுக்கோ." பிறகு என்னிடம், "அந்தப் பக்கம் திரும்புங்க. இன்னும் கொஞ்சம். அங்கேயே இருங்க."

நேரமாகிவிட்டது என்று சொல்ல வாயெடுத்தேன். மூடிக்கொண்டேன்.

புது மண்ணை எடுத்து உருட்டினாள். விரல் வெடிப்பில் ஈரம் பட்டதும் 'ஸ்' என்றாள், நிறுத்தவில்லை. என் காதை உற்றுப் பார்த்தாள். மறுபடி பார்த்தாள். அந்தப் பார்வையை நான் மறந்தே போயிருந்தேன்.

ஃபோன் அடித்தது. அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. அவள் கை முழுக்க மண்.

"வாலு, எடுத்துப் பேசு. அம்மா கை ஈரமா இருக்கு, கொஞ்ச நேரத்துல கிளம்பிடுவாங்கன்னு சொல்லு."

வாலு வாயைத் துடைத்துக்கொண்டு எடுத்தாள். "அம்மா கை ஈரமா இருக்கு. அப்பாவுக்குக் காது வெச்சிட்டிருக்காங்க." அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். "காது. காது!" என்று கத்தினாள். "இல்லை, ஆபரேஷன் எல்லாம் இல்லை. வீட்லதான்."

"சிரிக்காதீங்க" என்றாள் அவள். "காது அசையுது."