கடல் டிரம்மும் மூன்றாம் ஓலையும்

கோயிலில் முதல் கல்யாண ஓலை வாசித்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே பிரிட்டோ வீட்டு வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. புஷ்பமேரி வேண்டுமென்று பார்க்கவில்லை. மொட்டைமாடிக்கு வடகம் எடுக்கத்தான் போனாள். வடகத்தை எடுத்து முடிக்க அன்றைக்கு வழக்கத்தைவிடக் கூடுதலாக நேரம் பிடித்தது, அவ்வளவுதான்.

முதலில் நீல நிற டிரம்கள் இறங்கின. அப்புறம் சாக்குச் சுற்றி மரச்சட்டம் அடித்த நீளமான ஒரு சாமான். நான்கு பேர் தோள் கொடுத்து, அடிமேல் அடி வைத்து உள்ளே கொண்டுபோனார்கள். அந்த நீளமும் அந்த நடையும் அவளுக்குக் கல்லறைத் தோட்டத்தைத்தான் ஞாபகப்படுத்தின. கையில் வடகத்தோடே சிலுவை போட்டுக்கொண்டாள்.

யார் வீட்டில் எது இறங்கினால் இவளுக்கென்ன என்று கேட்க முடியாது. பிரிட்டோ அவள் மகள் நான்சிக்கு நிச்சயமான மாப்பிள்ளை. கூட்டுறவு வங்கியில் கிளார்க். பெற்றவர்கள் இல்லை, ஒரே அக்கா கோயம்புத்தூரில். குடி கிடையாது, சிகரெட் கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. புஷ்பமேரிக்கு ஆரம்பத்திலிருந்தே உறுத்தியது இதுதான். குறையே இல்லாத ஆம்பளை குறையை எங்கேயோ பத்திரமாக ஒளித்து வைத்திருக்கிறான் என்பது அவள் கட்சி. வீடு பார்க்கப் போனபோது அலமாரி வரைக்கும் கண்ணை ஓட்டினாள். ஒன்றும் சிக்கவில்லை. ஹாலில் ஸ்டூல் மேல் ஒரு சின்னக் கண்ணாடித் தொட்டி, அதில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு ஆரஞ்சு மீன்கள். சுவரில் மாட்டிய காலண்டரைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு வந்துவிட்டாள்.

அது தொண்ணூற்றெட்டாம் வருஷம். தவக்காலம் முடிந்து, நிறுத்தி வைத்த கல்யாணமெல்லாம் கோயிலில் குவிந்து கிடந்த நேரம். சாமியார் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் அறிவிக்கக் கடமைப்பட்டவர்கள் என்பார். மற்றவர்களுக்கு அது பூசை முடிவில் செருப்பைத் தேடும் நேரம். கடமைப்பட்டவர்கள் என்ற சொல் தனக்காகவே எழுதப்பட்டது என்று நினைப்பவள் புஷ்பமேரி ஒருத்திதான்.

வேன் வந்த மூன்றாம் நாள் நாற்றம் தொடங்கியது.

பிரிட்டோ வீடு பின்தெரு. இரண்டு கொல்லைக்கும் நடுவில் ஒரு சாக்கடைதான். செத்த எலி என்று நினைத்து நான்சி அடுப்படியைக் கழுவினாள். பூ கொண்டுவரும் ஜக்கம்மாள் கூடையை இறக்காமலே மூக்கை மூடிக்கொண்டாள்.

"என்னக்கா இது, நிலக்கோட்டை மல்லியையும் தாண்டிக் குமட்டுது!"

"எங்க வீட்டுல இல்லடி. பின்னாடியிருந்து வருது."

"பின்னாடின்னா... உங்க மாப்ள வீடா?" ஜக்கம்மாள் பேச்சை அதோடு நிறுத்திக்கொண்டு, பூவை மட்டும் கொஞ்சம் தாராளமாக அளந்தாள். இந்தச் சேதி எட்டுத் தெருவுக்குப் போய்ச்சேரும் என்பதற்கு அந்தத் தாராளமே அத்தாட்சி.

மறுநாள் புஷ்பமேரி சாக்கடையோரம் குனிந்து பார்த்தாள். பிரிட்டோ வீட்டுக் குழாய் வாயில் வெள்ளையாகப் பூத்திருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். சீச்சீ என்று துப்பினாலும் விடை கிடைத்துவிட்டது. உப்பு! அந்த ஓரத்தில் அவள் வைத்திருந்த கறிவேப்பிலைக் கன்று வேறு கருகிப் போயிருந்தது.

நாற்றமும் உப்பும் சேர்ந்தால் என்னவென்று வேறு ஊர்க்காரர்கள் யோசிக்கலாம். திண்டுக்கல்காரிக்கு யோசனையே தேவையில்லை. தோல்! பச்சைத் தோலை உப்புப் போட்டு அடுக்கி, வீட்டுக்குள்ளேயே கள்ளத்தனமாகப் பதப்படுத்துகிறான். டிரம் எதற்கு? அதற்குத்தான். சாயங்காலமானால் ஜன்னலில் ஊதா ஊதாவாக ஒரு வெளிச்சம் தெரிகிறதே, அது எதற்கு? அதுவும் அதற்குத்தான்.

இரண்டாம் ஓலையும் வாசித்தாகிவிட்டது. புஷ்பமேரி பேகம்பூர்த் தோல் வியாபாரி பீர் முகமதுவை வாசலில் மறித்தாள். அவர் டிவிஎஸ் ஃபிப்டியை நிறுத்தினார்.

"பாய், செத்த நேரம் இந்தக் கொல்லைப் பக்கம் வந்து மோந்து பாருங்களேன்."

"ஏம்மா, என்னை என்ன மோப்ப நாயின்னு நெனச்சியா?" என்றாலும் வந்தார். சாக்கடைப் பக்கம் நின்று இரண்டு முறை இழுத்தார். "இது நம்ம சரக்கு இல்ல தாயி."

"நல்லாப் பாருங்க."

"நாப்பது வருசமா அந்த வாடையிலதான் சோறு திங்கிறேன். இது தோலே இல்ல. வேற என்னமோ செத்திருக்கு."

போய்விட்டார். அவர் பாட்டுக்குச் சொல்லிவிட்டுப் போன அந்தக் கடைசி வரியையே புஷ்பமேரி பிடித்துக்கொண்டாள். வேற என்னமோ! அந்த நீளப் பெட்டி திரும்பவும் கண்முன் வந்து நின்றது. தோலாக இருந்தால்கூட ஒரு தொழில் என்று மனதைத் தேற்றிக்கொண்டிருக்கலாம்.

நான்சியிடம் சொன்னாள். "அவர்கிட்டயே கேட்டுட்டாப் போச்சு" என்றாள் அவள், நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டே. இந்தப் பெண்ணை நம்பிப் பயனில்லை. ஞாயிற்றுக்கிழமை மூன்றாம் ஓலை. அதற்குள் தெரிந்தால் சாமியாரிடம் போய் நிறுத்தலாம். விட்டால், பெற்ற பிள்ளையை என்னவென்று தெரியாத வீட்டுக்குள் தானே தள்ளின மாதிரி ஆகும்.

சனிக்கிழமை காலை, தூக்குச்சட்டியில் நெத்திலிக் கருவாட்டு வெஞ்சனத்தோடு பின்தெருவுக்கு நடந்தாள். கல்யாணத்துக்கு முன்னால் பெண்ணின் தாய் மாப்பிள்ளை வீட்டுக்குத் தனியாகப் போவது முறையில்லை. அதற்குத்தான் கருவாடு. கதவு ஒருக்களித்துக் கிடந்தது. கூப்பிடாமலே நுழைந்தாள்.

பிரிட்டோ வேட்டியை மடித்துக் கட்டி, முழங்கை வரை நனைந்து நின்றான். ஸ்டூல் மேலிருந்த சின்னத் தொட்டி காலியாக இருந்தது. சுவரோரம் இரும்பு ஸ்டாண்டில், ஓர் ஆள் தாராளமாகப் படுக்கும் நீளத்தில் புதுக் கண்ணாடித் தொட்டி. உள்ளே கற்பாறைகள், நீல வெளிச்சம். ஒரு கல்லின்மேல் பூ மாதிரி ஒன்று விரல்களை ஆட்டிக்கொண்டிருந்தது. அதற்குள் அந்த இரண்டு ஆரஞ்சு மீன்களும் ஒளிந்து ஒளிந்து எட்டிப் பார்த்தன. மோட்டார் முனகியது.

"அத்தை!" பிரிட்டோவுக்கு முகம் வெளுத்தது.

"இதுதானா மாப்ளே அந்தப் பெட்டி?"

அவன் பதில் சொல்ல வாயெடுக்கவும் கரண்ட் போகவும் சரியாக இருந்தது. மோட்டார் நின்றது. அடுத்த நொடி மாப்பிள்ளைக்கு மாமியாரென்ற மரியாதையெல்லாம் பறந்துவிட்டது.

"அத்தை, அந்தச் சொம்பை எடுங்க! தண்ணியை மொண்டு உசரத்துலருந்து ஊத்துங்க! காத்துக் கலக்கலேன்னா எல்லாம் செத்துரும்!"

தூக்குச்சட்டி எங்கே போனதென்று அவளுக்கே தெரியாது. ஒரு முனையில் அவன், மறுமுனையில் அவள். மொள்ளவும் ஊற்றவுமாக வளையல் கலகலத்தது. ஆனால் கை வேலை செய்தால் வாயை மூடிக்கொள்ளும் ஜாதியா புஷ்பமேரி?

"நாத்தம் என்னத்துக்கு?"

"கீழக்கரையில வலையில மாட்டுன கல்லுங்க அத்தை. மேல ஒட்டியிருக்கற பூச்சி பொட்டுல பாதி வழியிலயே செத்துரும். அது நாறி அடங்குனாத்தான் மீனை விட முடியும். நேத்துதான் அடங்குச்சு."

"டிரம்மு?"

"கடல்தண்ணி. அழுக்கானதைச் சாக்கடையில ஊத்துவேன்."

"என் கறிவேப்பிலை போச்சு! சரி, சின்னத் தொட்டி நல்லாத்தான இருந்துச்சு? ரெண்டு மீனுக்கு இம்புட்டுப் பெருசு எதுக்கு? அதுவும் கல்யாணத்தைப் பக்கத்துல வச்சுக்கிட்டு?"

பிரிட்டோ சொம்பை நிறுத்தாமல், அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். "கல்யாணத்துக்கு அப்புறம்னா நான்சி விடமாட்டா அத்தை."

"அவளுக்குத் தெரியுமா?"

"பெருசு வாங்கப் போறேன்னு ஒருதரம் சொன்னேன். ஹால்ல சோபாதான் போடணும்னுட்டா. அதான் சொல்லாமலே... கொண்டுவந்து வச்சுட்டா அப்புறம் பேச முடியாதுல்ல?"

புஷ்பமேரி ஊற்றுவதை ஒரு கணம் நிறுத்தினாள். நான்சி ஆசைப்பட்டாள், நான்சிக்காக வாங்கினேன் என்று அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நேராகச் சாமியாரிடம் போயிருப்பாள். அப்படி இனிக்கப் பேசுகிறவனிடம்தான் பயப்பட வேண்டும். இவன் தன் கள்ளத்தனத்தைக்கூட அலங்காரம் பண்ணாமல் சொல்கிறான். அதோடு, அப்பாடா, குறை ஒன்று கிடைத்துவிட்டது!

"அத்தை, நிறுத்தாதீங்க!"

"ஊத்துறேன், ஊத்துறேன். கத்தாதீங்க."

"நான்சிகிட்ட..."

"அது என் பாடு" என்றாள். மறைக்கும் பாடா, போட்டுக்கொடுக்கும் பாடா என்று அவன் யோசிப்பதற்குள் அடுத்த சொம்பை மொண்டாள். கரண்ட் வருவதற்குள் அவளுக்குத் தோள்பட்டை கழன்றுவிடும்போல் ஆகிவிட்டது. மோட்டார் முனகியதும் இரண்டு மீன்களும் பூவுக்குள்ளிருந்து வெளியே வந்தன. ஏனோ அவளுக்கும் மூச்சு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கூட்டம் கூடுதல். ஜக்கம்மாளுக்குப் பூசை கிடையாது, ஆனால் அவளிடம் பூ வாங்குகிறவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். மூன்றாம் ஓலை வாசித்து, தடை ஏதும் தெரிந்தவர்கள் என்று சாமியார் நிறுத்தியபோது பாதிக் கழுத்து புஷ்பமேரி பக்கம் திரும்பியது. அவள் மாதா சுரூபத்தையே பார்த்துக்கொண்டு, முக்காட்டை இழுத்துவிட்டாள்.

இழுத்த கை நான்சியின் மூக்கருகே போய் வந்தது. நான்சி நெற்றியைச் சுருக்கினாள்.

"அம்மா, உன் கை என்ன இப்படி நாறுது?"

"கருவாடும்மா. நேத்துச் சமைச்சேன்ல."

"கருவாட்டை நான்தான அலசுனேன்? நீ தொடவே இல்லையே." நான்சி அம்மாவின் கையைப் பிடித்து, முகத்தருகே கொண்டுபோய், நிதானமாக இழுத்து மோந்தாள். பேகம்பூர் பீர் முகமதுகூட அப்படி மோந்திருக்கமாட்டார். "இது கருவாடு இல்ல."

புஷ்பமேரி கையை உருவி முந்தானைக்குள் மறைத்தாள். ஆண்கள் பக்கம் கடைசி வரிசையில் பிரிட்டோ, உப்பில் வெடித்த விரல்களைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். நான்சி அம்மாவின் முந்தானையைப் பார்த்தாள். அப்புறம் அவன் விரல்களைப் பார்த்தாள். திரும்பவும் அம்மாவைப் பார்த்தாள். வடகம் எடுக்க மாடிக்குப் போன நாளில் புஷ்பமேரி பார்த்தாளே, அச்சு அசல் அதே பார்வை.