பாஸ்கோ பிடித்த தொப்பி

துப்ரோவ்னிக் நகரத்தில் கொள்ளைநோய்க்குப் பயப்படாதவர்கள்கூட பாஸ்கோவுக்குப் பயப்படுவார்கள்.

ப்ளோச்சே வாசலுக்கு வெளியே, கடலை ஒட்டி வரிசையாக நிற்கும் கல்கொட்டடிகளுக்கு அவர்தான் தலைமைக் காவலர். துருக்கியர் சீமையிலிருந்து மலையிறங்கி வரும் வியாபாரி யாரானாலும் நாற்பது நாள் அங்கே கிடந்த பிறகுதான் ஊருக்குள் கால் வைக்கலாம். அவர்கள் கொண்டுவரும் கம்பளிக்கும் தோலுக்கும் அதே கதிதான். நோய் யார் உடம்பில் ஒளிந்து வருகிறது என்று முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட முடியாதே. உள்ளே இருப்பவரையோ அவர் பொருளையோ வெளியாள் யாராவது தொட்டுவிட்டால், அவருக்கும் அன்றிலிருந்து நாற்பது நாள். பாஸ்கோ தன் மனைவியை மணந்துகொண்டார், இந்தச் சட்டத்தைக் காதலித்தார் என்று ஊரில் சொல்வார்கள். மனைவியும் மறுத்ததில்லை.

காற்றில் பறந்து வந்த ஒரு கம்பளி இழையை மூக்கிலிருந்து தட்டிவிட்ட குற்றத்துக்காகத் தன் மைத்துனனையே அவர் உள்ளே தள்ளியிருக்கிறார். பேராலயத்து ஆயரின் பூனை கொட்டடி வேலியைத் தாண்டியபோது பூனைக்கும் நாற்பது நாள். ஆயரிடமிருந்து கோபமாக ஒரு கடிதம் வந்தது. ஊருக்குள்ளிருந்து வந்த கடிதம்தான். ஆனாலும் பாஸ்கோ அதற்கு நோய் போகப் புகைபோட்டுவிட்டுத்தான் படித்தார்.

அவருடைய ஒரே மகள் தேஷாவுக்குத் திங்கட்கிழமை கல்யாணம். அதைத் தள்ளிப்போட வழியில்லை. புதன்கிழமை நோன்புக்காலம் தொடங்கிவிடும். அப்புறம் ஈஸ்டர் வரை தேவாலயத்தில் யாருக்கும் கல்யாணம் கிடையாது. மாப்பிள்ளை லூக்ஷாவோ ஈஸ்டருக்கு முன்பே கப்பலேறுகிறான். திரும்பி வர ஒரு வருஷம் ஆகும். மகளின் கையைப் பிடித்துத் தேவாலயம் வரை நடக்கவேண்டும் என்பது ஒன்றுதான் பாஸ்கோவின் ஆசை. புது மேல்சட்டை தைத்து வைத்திருந்தார். அதைப் போட்டுக்கொண்டு கூடத்தில் இங்குமங்கும் நடந்தும் பார்த்துக்கொண்டார்.

சனிக்கிழமை காலை சராயேவோவிலிருந்து ஒரு கூட்டம் வந்து சேர்ந்தது. முன்னால் வந்தவர் ஹாஜி அவ்தியா. இருபது வருஷமாக வருகிறவர்.

"வாங்க ஹாஜி! இன்னும் இருக்கீங்களா?" என்றார் பாஸ்கோ, வேலிக்கு இந்தப் பக்கமிருந்து.

"உன் மூஞ்சியைப் பாக்காம போயிடுவேனா? வருஷத்துக்கு நாப்பது நாள்னு கணக்குப் போட்டுப் பாரு. என் பொஞ்சாதிகூட என்னைச் சேந்தாப்புல இத்தனை நாள் பாத்ததில்லய்யா."

"அவங்க குடுத்துவச்சவங்க."

ஹாஜி சிரித்துக்கொண்டே தொப்பியைக் கழற்றி நெற்றி வியர்வையைத் துடைத்தார். அந்த நேரம் பார்த்து மலையிலிருந்து, பூரா என்று அந்த ஊரில் சொல்லும் வாடைக்காற்று ஒரு வீச்சு வீசியது. தொப்பி வேலியைத் தாண்டிப் பறந்தது. பாஸ்கோ எட்டிப் பிடித்தார். தூசி தட்டினார். லேசாகத் தலை குனிந்து அதை நீட்டினார்.

பூரா வீசும் ஊரில் பிறந்தவனுக்கு இது மூச்சு விடுவதுபோல. யார் தொப்பி பறந்தாலும் பிடித்து, தட்டி, குனிந்து கொடுப்பதுதான் மரியாதை. யோசித்துச் செய்கிற காரியமில்லை. பாஸ்கோவின் கை மரியாதையாக நடந்துகொண்ட பிறகுதான் பாஸ்கோவுக்கு விஷயமே தெரிந்தது.

இருவரும் தொப்பியைப் பார்த்தார்கள்.

"நீங்க பாத்துட்டீங்க," என்றார் பாஸ்கோ.

"நானா? எனக்குக் கண்ணு மங்கி மூணு வருஷமாச்சு."

துணைக்காவலன் நிக்ஷா தூரத்தில் கம்பளி மூட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தான். அவன் முதுகு இந்தப் பக்கம்.

"சும்மா கீழ போடுய்யா. காத்து கொண்டாந்து போட்டுச்சுன்னு நான் எடுத்துக்கறேன். நாளன்னிக்கு உன் மக கல்யாணம்னு வழியெல்லாம் பேச்சு. அதை வச்சுக்கிட்டு..."

"வழியில யாருக்காவது உடம்பு சரியில்லாம போச்சா?"

ஹாஜியின் சிரிப்பு கொஞ்சம் தேய்ந்தது. "ஒரு சத்திரத்துல கழுதைக்காரன் ஒருத்தன் படுத்துக் கெடந்தான். காய்ச்சல்னாங்க. நான் அவன் பக்கமே போகல."

"தொப்பி?"

"தொப்பி எப்படிய்யா தனியாப் போகும்? ஆணியில மாட்டியிருந்தேன்." கொஞ்சம் பொறுத்துச் சொன்னார்: "எல்லாரும் மாட்டுற ஆணிதான்."

பாஸ்கோ தனக்குத் தானே வாதாடிப் பார்த்தார். ஓரத்தைத்தானே பிடித்தேன். ரெண்டு விரல்தானே. இந்தக் காற்றில் எந்த நோய் ஒட்டிக்கொண்டிருக்கும்? இருபது வருஷமாக வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவர் கேட்டுக் கேட்டுச் சிரித்த வாதங்கள்தான் எல்லாம். கடைசி வாதம் மைத்துனன் சொன்னது. ஒரு சொல்கூட மாறவில்லை.

திங்கட்கிழமை விருந்தை நினைத்துப் பார்த்தார். ஊரே அவர் கையைக் குலுக்கும். தங்கை தன் இரண்டு மாதக் குழந்தையைக் கொண்டுவந்து, "பிடிண்ணே" என்று மடியில் போடுவாள்.

அவர் வேலிக்கதவைத் திறந்து உள்ளே போனார்.

"ஐயா! அது உள்பக்கம்!" என்று கத்தினான் நிக்ஷா.

"தெரியும்டா. பூட்டு. எழுதிக்க, பாஸ்கோ, இன்னிக்கு முதல் நாள்."

"என்ன காரணம்னு எழுதறது ஐயா?"

"தொப்பி."

நிக்ஷா முகத்தைத் திருப்பிக்கொண்டு எழுதினான். தோள் மட்டும் குலுங்கியது.

மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. முதலில் வந்தவன் மைத்துனன். நாற்காலியும் கொண்டுவந்திருந்தான். வேலிக்கு எதிரே போட்டு வசதியாக உட்கார்ந்தான்.

"மச்சான், உள்ள அந்த மூலைப் படுக்கையில மட்டும் படுக்காதீங்க. மூட்டைப்பூச்சி. அனுபவத்துல சொல்றேன்."

மாலையில் தேஷா வந்தாள். அழுது சிவந்த கண்.

"ஏம்ப்பா, யாருமே பாக்கலையாமே?"

"ஹாஜி பாத்தாரு."

"எனக்குக் கண்ணு தெரியாதும்மா!" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

"ஏம்ப்பா, நீங்க ஒரு நாள் வாயை மூடிட்டு இருந்திருக்கக் கூடாதா? நீங்க இல்லாம நான் எப்படிப்பா நடக்கிறது?"

"அம்மா கையைப் பிடிச்சுக்கோ. அத்தை குழந்தையை என் மடியில போடுவாடா. அப்ப என்ன சொல்லி வேண்டாம்பேன்?"

தேஷா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆயரோட பூனைக்கு இப்ப மனசு குளிர்ந்திருக்கும்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

திங்கட்கிழமை கல்யாண ஊர்வலம் தேவாலயத்துக்குப் போகாமல் நேராக ப்ளோச்சே வாசலுக்கு வெளியே வந்தது. மணப்பெண்ணின் பிடிவாதம். பாஸ்கோ புது மேல்சட்டையோடு வேலியருகே நின்றார். வீட்டிலிருந்து உள்ளே எது வேண்டுமானாலும் வரலாம், வெளியேதான் போகக்கூடாது. தேஷா அம்மாவின் கையை விட்டுவிட்டு வேகமாக முன்னால் வந்தாள். வேலியைத் தொட்டுவிடுவாள் போலிருந்தது.

"நில்லு!" என்று கத்தினார் பாஸ்கோ. "ரெண்டு அடி பின்னால போ!"

வாத்தியம் நின்றது. தேஷா அப்பாவைப் பார்த்தாள். பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணி, பின்னால் போனாள்.

"போதுமாப்பா?"

"இன்னும் அரை அடி."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவளும் சிரித்துக்கொண்டே அரை அடி வைத்து, அங்கிருந்தே மண்டியிட்டாள். பாஸ்கோ வாழ்த்துவதற்குக் கையை உயர்த்தினார்.  கை உயர்ந்தபடியே இருந்தது. அது போதும் என்று எழுந்து, தேஷா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

ஊர்வலம் வாசலுக்குள் மறையும் வரை பாஸ்கோ நகரவில்லை.

"மூக்கைத் துடைய்யா," என்று ஹாஜி தன் சால்வை முனையை நீட்டினார்.

பாஸ்கோ பழக்கத்தில் ஒரு அடி பின்வாங்கினார். தானும் இப்போது உள்ளேதான், இருவருக்கும் அன்று மூன்றாம் நாள் என்பது அப்புறம் நினைவுக்கு வந்தது. சால்வையை வாங்கி மூக்கை நன்றாகச் சிந்தினார்.