சாம்பல் பூஞ்சணம்

விசிறிகளை நிறுத்தச் சொன்னது யார் என்பது வேரோனிக்காவுக்கு இன்றும் சரியாக நினைவில்லை. அண்ணன் அகஸ்ரின் என்றுதான் நினைக்கிறாள். அவளாகவும் இருக்கலாம். கணவர் அல்பேட் இறந்த அன்று மாலை, மோர்னிங்சைட் வீட்டில் செபமாலை தொடங்கியபோது, கீழே பேஸ்மென்ற்றிலிருந்து வந்த விசிறி இரைச்சலில் யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. ஒருவர் இறங்கிப்போய் நிறுத்தினார். பிறகு நான்கு நாட்கள் அதை எவரும் நினைக்கவில்லை.

அடக்க நாள் காலை மழை. குடை எடுக்க இறங்கியவள் படியிலேயே மணத்தைப் பிடித்துவிட்டாள். வைனுக்காக அல்பேட் தட்டுகளில் பரப்பி உலர்த்திய திராட்சைக் குலைகள் சாம்பல் பஞ்சு போர்த்துக் கிடந்தன.

முந்தைய இரண்டு வருடமும் இப்படித்தான். “இவர் கீழை பூஞ்சணம் வளக்கிறார்” என்று கோயில் வாசலில் சொல்லிச் சிரிப்பாள். இந்த முறை அல்பேட் காற்றோட்டத்துக்கென்று மூன்று விசிறி வாங்கினார். ஆறு வாரம் ஒரு பழமும் கெடவில்லை.

வெள்ளைச் சேலையோடு, கத்தரிக்கோலுடன் தட்டின் முன் உட்கார்ந்தாள்.

“தங்கச்சி, பத்து மணிக்குப் பூசை,” என்றார் அகஸ்ரின், படியில் நின்று. “உந்தப் பழத்தை எறி.”

“எறிஞ்சா, இந்த முறையும் அவர்தான் பழுதாக்கினதெண்டு சொல்லுவினம்.”

“ஆர் சொல்லுறது?”

“நான்தானே சொல்லித் திரிஞ்சனான்.”

அகஸ்ரின் இறங்கி வந்து, கறுப்புக் கோட்டோடு அவளருகே குந்தினார்.

“எதை வெட்டுறது?”

“பஞ்சு பிடிச்சதையும், அதிலை முட்டினதையும். ஊதிப்போடாதேங்கோ அண்ணை, பரவும்.”

அவர் ஊதினார். சாம்பல் தூள் எழும்பிக் கோட்டில் படிந்தது.

“சொன்னனானெல்லே.”

“எவ்வளவு பிடிச்சிருக்கெண்டு பாத்தனான்.”

மகள் மெலிசா எட்டிப் பார்த்தாள். “அம்மா, வீ ஆர் லேட். அப்பா இஸ் வெயிட்டிங்.”

“இருக்கட்டும். அவருக்கு இது விளங்கும்.”

மெலிசா மேலே போய் இன்னொரு கத்தரிக்கோல் கொண்டுவந்தாள்.

பன்னிரண்டு தட்டில் இரண்டு தப்பின. விசிறிகளைப் போட்டுவிட்டு இருபது நிமிடம் பிந்திக் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

“அண்ணை ஏன் சாம்பல் பூசிக்கொண்டு நிக்கிறார்?” என்று ஓர் அன்ரி வேரோனிக்காவின் காதில் கேட்டார்.

“துக்கம்,” என்றாள்.

தை மாதம் மெலிசா அந்தப் பழத்தைப் பிழிந்து வைன் போட்டாள். ஒன்றரைப் போத்தல் வந்தது. ஆண்டு நினைவுப் பூசைக்குப் பிறகு எல்லோருக்கும் ஒவ்வொரு மிடறு ஊற்றினார்கள். படுபுளிப்பு. அகஸ்ரின் இப்போது பிக்கரிங்கில் மகனோடு இருக்கிறார். அந்தக் கோட்டை அவர் மறுபடி போடவில்லை. மெலிசா வேலைக்காக மிசிசாகாவுக்கு மாறிவிட்டாள். வேரோனிக்கா அதே வீட்டில்தான். அல்பேட்டின் பழம் திறமான பழம், வைனைப் பழுதாக்கினது மகள் என்று கோயில் வாசலில் எல்லோருக்கும் சொல்லி வருகிறாள்.