ஊசி தேடும் மெஷினில் வந்த அரசர்

பெருமாநல்லூரில் பாரூக்கும் அவன் மனைவி நசீமாவும் நடத்தும் பனியன் கம்பெனியில், ஊசி தேடும் மெஷின் ஒரு கைக்குழந்தைச் சட்டையின் மடிப்புக்குள்ளிருந்து பழைய ரோமானிய வெள்ளிக்காசு ஒன்றைக் கண்டெடுத்தது. சட்டையில் ஒரு தையலும் பிரிந்திருக்கவில்லை. இரும்புக்கு மட்டுமே கத்தும் அந்த மெஷின் அன்று வெள்ளிக்கும் கத்தியது. கொங்கு மண்ணில் இத்தகைய காசுகள் கிடைப்பது வழக்கந்தான் என்பதால் யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. அவர்களுக்கு வேண்டியிருந்தது ஊசிமுனை.

காலையில் ஒரு தையல் மெஷினில் ஊசி உடைந்தது. பாரூக்தான் குனிந்து மாற்றினான். உடைந்த ஊசியின் எல்லாத் துண்டும் கைக்கு வராமல் குழந்தைத் துணி கம்பெனியை விட்டு வெளியே போகக் கூடாது. முனை மட்டும் கிடைக்கவில்லை. கட்டிய பெட்டிகளையெல்லாம் பிரித்து மெஷினுக்குள் அனுப்பியும் வந்தது காசுதான். பல வருடம் பிறருக்குத் தைத்துக் கொடுத்தவர்கள் தங்கள் பெயரில் அனுப்பும் முதல் ஆர்டர் அது. தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போகும் லாரியை மாலையில் தவறவிட்டால் ஆர்டர் போச்சு.

காசில் பொறித்திருந்த அரசர் கழுத்தைத் திருப்பியதை முதலில் பார்த்தவள், தைத்த துணியில் குறை தேடும் செக்கிங் அபிராமி.

“எக்கா, இவரு அண்ணாச்சியவே பாக்காருக்கா.”

பாரூக் அயர்ன் டேபிள் பக்கம் போனான். அரசரின் நீண்ட மூக்கு அங்கே திரும்பியது. வாசலுக்குப் போனான்; வாசலுக்குத் திரும்பியது.

“ஏனுங்க, எங்கப்பாகூட உங்கள இப்படி மொறச்சதில்லீங்க,” என்றாள் நசீமா.

“உங்கப்பாவுக்காச்சும் காரணம் இருந்துச்சு. இவரு புள்ளையவா நான் கூட்டிட்டு வந்தேன்?”

நசீமா அவனை அருகில் இழுத்தாள். அரசர் பார்த்த இடத்தில், அவன் சட்டைக் கையின் மடிப்பைப் பிரித்தாள். முனை அவள் விரலில் குத்தியது. பெட்டிகளையெல்லாம் மெஷினுக்குள் விட்டவர்கள் முதலாளியை விட மறந்திருந்தார்கள். “ஏத்துங்கப்பா!” என்று அவள் போட்ட சத்தம் மெயின் ரோடு வரை கேட்டது. லாரி நிறைந்து கிளம்பியது. அடுத்தடுத்த வருடங்களில் எத்தனையோ லாரிகள் போயின. பக்கத்து ஷெட்டும் அவர்களுடையதானது.

புதையல் என்பதால் காசை முறைப்படி தாசில்தாரிடம் ஒப்படைத்தார்கள். மறுநாள் காலை அது மெஷினுக்குள் இருந்தது. மறுபடி கொடுத்தார்கள், மறுபடி வந்தது. “புடிச்ச எடத்துல வேலை செய்யட்டும், உடுங்க,” என்றார் தாசில்தார். இப்போதெல்லாம் ஊசி உடைந்தால் அபிராமி அரசரைக் கையில் ஏந்தி ஷெட்டைச் சுற்றி வருகிறாள். வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் யாரிவர் என்று கேட்டால், “வெளியூருதாங்க, செக்கிங்ல இருக்காரு,” என்கிறார்கள்.