பொறுக்கி வைத்த கரி

அப்பாவின் நகக்கண்ணில் ஏறியிருந்த கரியைப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தாள் மகள். எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. காலையில் பின்கட்டில், கரி மூட்டைக்குப் பக்கத்தில், முக்காலியில் உட்கார்ந்தபடியே சுவரில் சாய்ந்து போய்ச் சேர்ந்திருந்தார்.

"கடையை மூடி எத்தனை வருஷம் ஆச்சு, இன்னும் கரிய நோண்டிக்கிட்டு," என்றாள் அத்தை. "பழக்கம் லேசுல விடுமா?"

சுட்ட மாட்டிறைச்சிக் கடை வைத்திருந்தவர். ஊரில் எல்லாரும் அவரைக் கூப்பிடுவது 'கங்கு' என்றுதான். நல்ல துண்டெல்லாம் கடைக்கு. வீட்டுக்கு வருவது கால் சதை, கழுத்து, ரப்பராக இழுக்கும் சவ்வு. அதை மென்று மென்றே பிள்ளைகளுக்குத் தாடை வலுத்தது. கடைசியில் அவருக்கே பல் இல்லாமல் போய், ரொட்டியைப் பாலில் ஊறவைத்துத் தின்னும்படி ஆயிற்று. கொத்திய இறைச்சி கொடுத்தால் தட்டைத் தள்ளிவிடுவார். வீம்புக்குக் குறைச்சல் இல்லை.

மகள் ஒரு ஹோட்டலில் சமையல்காரி. அப்பாவுக்காகவே லீவு போட்டு, வெந்நீர் மிஷினையும் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். கால் சதையில் உப்பும் மிளகும் தடவி, காற்றில்லாமல் பையில் அடைத்து, மிஷின் காய்ச்சும் தண்ணீரில் கொதிக்காத சூட்டில் இரண்டு நாள் கிடக்க விட்டால் எந்த முரட்டுச் சதையும் இளகிவிடும். பிறகு நன்றாகக் கனன்ற கரியில் இரண்டு பக்கமும் ஒரு வாட்டு வாட்டினால் போதும், ஈறாலேயே மெல்லலாம். முந்தாநாள் போட்டது, இன்று சாயங்காலம் எடுக்க வேண்டியது.

"மாட்டைக் குளிப்பாட்டுறா உன் பொண்ணு," என்று அம்மாவிடம் சிரித்திருந்தார் அப்பா. "ஜுரம் வந்த மாதிரி வெதுவெதுன்னு வச்சிருந்தா கறி வேகுமா?"

அவளிடம் நேராக ஒன்றும் சொல்லவில்லை. சாப்பிடுகிறேன் என்றும் சொல்லவில்லை. பெண்பிள்ளைக்குத் தீயைப் பற்றி என்ன தெரியும் என்று கடை அடுப்புப் பக்கமே விடாத மனிதர். அவள் சமைத்ததை ஒருநாளும் வாயில் வைத்ததில்லை. இந்த ஒரு துண்டையாவது தின்ன வைத்துவிட வேண்டும் என்றுதான் வந்தாள்.

மதியம் தண்ணீர் எடுக்கச் சமையலறைக்குப் போனபோது மிஷினின் விளக்கு எரியவில்லை. பாத்திரத்துக்குள் கையை விட்டாள். குழந்தையைக் குளிப்பாட்டும் சூடுகூட இல்லை. ப்ளக்கிலிருந்து வேறொரு வயர் கூடத்துக்கு ஓடியது. அப்பாவைக் கிடத்தியிருந்த வாடகை ஃப்ரீசர் பெட்டியின் வயர்.

பெட்டியருகே அண்ணன் நின்றிருந்தான்.

"மிஷின் ப்ளக்க நீதான் புடுங்குனியா?"

"ஆமா. இந்த வீட்டுல பெரிய ப்ளக் அது ஒண்ணுதானே."

"எப்போ?"

"காலையில, பெட்டி வந்த உடனே." அவள் முகத்தைப் பார்த்தான். "ஏன், அப்பா கெட்டுப்போகலாம், உன் கறி கெட்டுப்போகக் கூடாதோ?"

உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணன் கேட்டது நியாயம்தான். அதுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தண்ணீர்ச் செம்புடன் போய் உட்கார்ந்தாள்.

சாயங்காலம் அடக்கம் முடிந்து எல்லாரும் திரும்பினார்கள். ஃப்ரீசர் பெட்டியை வாடகைக்காரர்கள் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அண்ணன் பெரிய மனது பண்ணி மிஷினைத் திரும்ப மாட்டினான்.

"இந்தா, போட்டுட்டேன். இன்னும் கொஞ்ச நேரம் கிடந்தா சரியாயிடும்ல?"

"பகல் முழுக்க ஆறிக் கிடந்திருக்கு. இனி தின்னா வயித்தைக் கெடுத்துடும்."

"அப்பா சொன்னது சரியாப் போச்சு. உன் சமையல்ல ஒருத்தரும் ஒரு வாய் திங்க முடியாது."

பையை அறுத்து விரலால் அழுத்திப் பார்த்தாள். ஓரம் இளகியிருந்தது, நடுவில் இன்னும் முரடு. குப்பைப் பையில் போட்டு முடிந்து, பின்கட்டுத் தொட்டியில் எறிந்தாள்.

அப்பாவின் முக்காலியில் அம்மா உட்கார்ந்திருந்தாள். காலடியில் சாக்குப் போட்டு மூடிய ஒரு பேசின்.

"கறி எடுத்துட்டியா?" என்று கேட்டாள் அம்மா.

"தூக்கிப் போட்டுட்டேன்."

அம்மா சாக்கை விலக்கினாள். பேசின் நிறையக் கரி. எல்லாம் ஒரே அளவு, தூசி தட்டி, பொடி நீக்கியது.

"விடியறப்பவே எழுந்து உக்காந்து பொறுக்குனாரு. பொடிக்கரி போட்டா அவ கறியில சாம்பல் ஒட்டும்னாரு. சாயங்காலம் நானே பத்தவச்சுத் தரேன், அதுவரைக்கும் அவகிட்ட சொல்லாதன்னாரு."

"காலையிலயே சொல்லியிருக்கலாம்லம்மா."

"சொல்லாதன்னாரே," என்றாள் அம்மா.

அப்பா உயிரோடு இருந்தபோதுகூட அவர்மேல் அவளுக்கு இவ்வளவு கோபம் வந்ததில்லை. பேசினைத் தூக்கி அப்படியே அடுப்பில் கவிழ்த்தாள். பற்றவைத்து விசிறினாள். துளிப் புகை இல்லை. எல்லாத் துண்டும் ஒன்றுபோலச் சிவந்து வந்தன.

"யாரு அங்க அடுப்பு பத்தவச்சது?" உள்ளேயிருந்து அண்ணன் குரல். "பசிக்குது. என்ன போட்டிருக்கீங்க?"

"ஒண்ணும் இல்ல," என்றாள் அவள். விசிறுவதை நிறுத்தவில்லை.