மூன்றாவது அலமாரி

டெல்லி ஆஸ்பத்திரி ஒன்றின் ஐம்பது ஆண்டு வரலாற்றை எழுதித் தரும் வேலை, அதன் மருத்துவக் கல்லூரி அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்த சேஷுவின் தலையில் விழுந்தது. போர்க்காலத்தில் போட்ட பழைய தகரக் கொட்டகையில் நாற்பது கட்டிலோடு தொடங்கியது, முதல் மாணவர்கள் வேப்பமரத்தடியில் எலும்புகளைப் பரப்பிப் படித்தது எல்லாம் எழுதினார். நோயியல் அருங்காட்சியகத்தைப் பற்றி மட்டும் ஒரு வரிகூட எழுதவில்லை.

அங்கே மூன்றாவது அலமாரியில், ஒரு கண்ணாடிக் குடுவைக்குள் அவர் மகனின் இதயம் இருந்தது. மனைவி வத்சலாவுக்கு அது தெரியாது.

பதினான்கு வருஷத்துக்கு முன், இதே ஆஸ்பத்திரியில் குழந்தை இறந்த காலையில், பேராசிரியர் தயங்கித் தயங்கிக் கேட்டார். இரண்டு கீழறைகள் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றே இருந்த இதயம். மாணவர்கள் பார்த்தால் நாளை இன்னொரு பிள்ளை பிழைக்கும் என்றார். அவர் நீட்டிய சம்மதப் படிவம் சேஷுவே தட்டச்சு செய்தது. எத்தனையோ தகப்பன்மாருக்குக் கையெழுத்துப் போடும் இடத்தைத் தொட்டுக் காட்டியவர். தன் முறை வந்தபோது மாட்டேன் என்று சொல்ல முடியாமல் கையெழுத்துப் போட்டார். அன்று சாயங்காலம் வார்டில் கிடந்த வத்சலாவிடம், "முழுசா மண்ணுல வெச்சுட்டு வந்துட்டேன்" என்றார்.

இப்போது பொன்விழாவுக்காக ஊழியர் குடும்பங்களுக்கு அருங்காட்சியகத்தைத் திறந்துவிடப் போகிறார்கள்.

"அந்த ஒண்ண மட்டும் ரெண்டு நாள் உள்ள வெச்சுடேன், அந்தோணி," என்று அங்கிருந்த டெக்னீஷியனிடம் கெஞ்சினார்.

"அத எடுத்தா டீன் என்னைய எடுத்துருவாரு ஸார். பசங்களுக்கு அதுதான் ஹீரோ!"

அந்தோணி சிரித்தான். யாருடையது என்று சொல்லாமலே சேஷு வெளியே வந்தார்.

விழா அன்று வத்சலாவை டீ பந்தல் பக்கம் திருப்பப் பார்த்தார்.

"ஏன்னா, லோதி ரோட்லேர்ந்து பஸ் பிடிச்சு சமோசா திங்கவா வந்தேன்? எல்லாத்தையும் பாக்கணும்," என்று அவள் முன்னே நடந்தாள்.

மூன்றாவது அலமாரியருகே வெள்ளைக் கோட்டில் மேதா என்ற மாணவி நின்றிருந்தாள்.

"ஆன்ட்டி, தமிழா? நானும்தான். என் தமிழ் கொஞ்சம் கச்சா, அரைகுறை. இந்த ஹார்ட் பாருங்க, கீழ ஒரே ரூம்தான். இதப் பாத்துத்தான் நான் பாஸ் பண்ணேன்."

வத்சலா குனிந்து குடுவையில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தாள். ஆண். ஒன்பது நாள். பிப்ரவரி 1985. நிமிர்ந்து சேஷுவிடம் திரும்பினாள்.

"நம்மளதா?"

சேஷு தலையசைத்தார். "அன்னிக்கே சொல்லியிருக்கணும்."

அவள் அவரைப் பார்க்கவில்லை. மேதாவிடம், "ஒன்பது இல்லம்மா, பத்து. மறுநாள் புண்யாகவாசனம். பேர் வெக்க இருந்தோம்," என்றாள்.

மேதாவின் முகம் வெளிறியது. "ஆன்ட்டி... பிறந்த நாள இங்க கவுன்ட் பண்ண மாட்டாங்க."

"நான் பண்ணுவேன். அன்னிக்குத்தான் அவன் நன்னா அழுதான்."

மாணவர்கள் உட்காரும் முக்காலி ஒன்றை இழுத்துப் போட்டு, குடுவைக்கு எதிரே அமர்ந்தாள். சேஷு அவள் தோளை நோக்கிக் கையை நீட்டினார்.

"நீங்க போங்கோ," என்றாள். "நான் இவனோட இருந்துட்டு வரேன்."